16க்கு 11: குன்னூர் வீட்டு வாசலில் ஒரு பூந்தோட்டம்

எங்கள் வீட்டு முன்வாசல் 16 அடி நீளம், 11 அடி அகலம். 2021இல் நான் குன்னூருக்குத் திரும்பி வந்தபோது அந்த இடம் முழுக்க சிமென்ட் தளம். வாடகைக்கு இருந்தவர்கள் வண்டி நிறுத்த வசதியாகப் போட்டது. ஓரத்தில் ஒரு விரிசலில் மட்டும் ஒரு ஜெரேனியம் எப்படியோ வேர் பிடித்து, சிவப்பாகப் பூத்திருந்தது.

அப்பா வெலிங்டன் பக்கம் ஒரு பங்களாவில் மாலியாக, அதாவது தோட்டக்காரராக இருந்தார். லீவு நாளில் என்னையும் கூட்டிப் போவார். கேட்டிலிருந்து வீட்டுக் கதவு வரை நேராக ஒரு செங்கல் பாதை. இரண்டு பக்கமும் என் தலைக்கு மேலே டேலியா, ஹாலிஹாக், லார்க்ஸ்பர். எதையும் தொடக்கூடாது என்று சொல்லித்தான் உள்ளே விடுவார். நானும் தொட்டதில்லை. 27 வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோதும் அந்தப் பாதை கண்ணை விட்டுப் போகவில்லை. ஊருக்குத் திரும்பினால் வாசலில் அப்படி ஒன்று போட வேண்டும், அதில் நான் தொட்டு வேலை செய்ய வேண்டும் என்று வைராக்கியமாகவே இருந்தேன்.

எப்படிப் போடுவது என்றுதான் தெரியவில்லை. எல்லோரும் செய்வதுபோல நானும் போனில் இங்கிலாந்துத் தோட்டங்களின் படம் பார்த்தேன். ஓலைக்கூரை வீடு, கதவுக்கு மேல் வளைந்து நிற்கும் ரோஜா, ஊதா லாவண்டர் வரிசை, ஆளுயர டெல்பினியம், டியூலிப், பியோனி. பிடித்த படங்களை எடுத்து வைத்துக்கொண்டே போனதில் இருநூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது. அந்தப் படங்களை நம்பித்தான் முதல் வருடம் செடியும் விதையும் வாங்கினேன். பெரும்பாலும் வீணாகப் போனது.

டெல்பினியம் இலைக்கு மேல் எழும்பவே இல்லை. டியூலிப் கிழங்கு ஒரே ஒரு தடவை குட்டையாகப் பூத்துவிட்டு மண்ணுக்குள்ளேயே கரைந்துபோனது. லாவண்டர் ஏழு செடி. ஐப்பசி மழையில் ஒவ்வொன்றாக அடியிலிருந்து கறுத்து, கார்த்திகை முடிவதற்குள் ஏழும் போய்விட்டன. நம் மலை குளிர்கிறது, அதனால் இங்கிலாந்துச் செடி எல்லாம் வரும் என்று நினைத்திருந்தேன். குளிர் மட்டும் ஒத்துப்போனால் போதாது. தெற்கு இங்கிலாந்தில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்துக்கு மேல் நீளும். டிசம்பரில் 8 மணி நேரத்துக்குள் சுருங்கிவிடும். குன்னூர் இருப்பது 11 பாகை அட்சரேகையில். இங்கே கோடையின் நீண்ட பகலே 13 மணியைத் தொடாது, ஏறக்குறைய 12¾ மணிதான். மார்கழியில் 11½ மணி. நீண்ட பகலைப் பார்த்துப் பூக்கப் பழகிய செடிக்கு இங்கே கோடை வந்ததே தெரியாது. டியூலிப்புக்கு மூன்று மாதத்துக்குக் குறையாத கடுங்குளிர் ஓய்வு வேண்டும். நம் ஊரில் விடியற்காலை உறைந்தாலும் பத்து மணிக்கெல்லாம் வெயில் முதுகில் சுடும். லாவண்டர் மத்தியதரைக் கடல் பக்கத்துப் பாறைச் சரிவில் பிறந்த செடி. வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம்தான் அதிகம் அடிக்கும். அந்த ஈரத்தில் அது எப்படி நிற்கும்?

இதையெல்லாம் எனக்குப் புரிய வைத்தவர் கீழ்த்தெருவில் இருக்கும் ஒரு பெரியவர். அவரும் அந்தக் காலத்து மாலி, அப்பாவோடு வேலை பார்த்தவர். செத்த லாவண்டரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றபோது சொன்னார்:

"ஏனம்மணி, படத்தப் பாத்து நட்டா படத்துலதான் பூக்கும். ஊருக்குள்ள ஒரு நடை நடந்து பாரு. எது தானா நிக்குதோ அதக் கொண்டா."

"நானும் சிம்ஸ் பார்க், ஊட்டி எல்லாம் போய்ப் பாத்துட்டுத்தானுங்ணா வந்தேன்."

"அது சர்க்காரு தோட்டம். அங்க நூறு ஆளு வேல செய்றான். நீ ஒருத்தி. எஸ்டேட்டுல வேல செய்றவங்க லைன் வீட்டு வாசலப் போய்ப் பாரு."

சிம்ஸ் பார்க்கை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். 1874இல் தொடங்கிய அந்தப் பூங்காவில் சரிவைப் படிப்படியாக இறக்கி, பழைய சோலை மரங்களை வெட்டாமல் அவற்றின் நிழலிலேயே பூச்செடி வைத்திருக்கும் விதத்தை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. ஊட்டித் தாவரவியல் தோட்டத்தை 1840களின் கடைசியில் அமைக்கத் தொடங்கியவர் மெக்ஐவர், லண்டன் கியூ தோட்டத்தில் தொழில் பழகியவர். ஆனால் அவை ஏக்கர் கணக்கில் விரிந்தவை. அங்கே பாத்திக்கு ஐந்நூறு நாற்று நடுகிறார்கள். என் வாசலில் மொத்தமே ஐம்பது செடிதான் நிற்கும். பெரிய தோட்டத்தைச் சின்னதாக்கினால் சின்னத் தோட்டம் கிடைத்துவிடாது.

அதனால் பெரியவர் சொன்ன மாதிரி நடந்தேன். ஒரு மாதம், தினம் ஒரு தெரு, கையில் ஒரு நோட்டு. பெட்போர்டிலிருந்து வண்டிச்சோலை போகும் வழியில் பழைய கருங்கல் தடுப்புச் சுவர்களின் சந்துகளில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பொடிப்பொடியாக ஒரு டெய்சி பூத்திருக்கும், நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எரிஜிரான் கார்வின்ஸ்கியானஸ் என்று பெயர். மெக்சிகோவிலிருந்து வந்தது. என் போனில் இருந்த படங்களைத் திரும்பப் புரட்டினால், இங்கிலாந்தின் ஹெஸ்டர்கூம் தோட்டத்துப் படிக்கட்டில் கொத்துக்கொத்தாகத் தொங்குவதும் அதே செடி! அந்தத் தோட்டத்துக்குச் செடி தேர்ந்தெடுத்த கெர்ட்ரூட் ஜெகில் அதைத் தேடி நட்டிருக்கிறார். நாங்கள் களை என்று சுரண்டிப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அன்று முதல் நோட்டில் ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் அதன் பிறந்த ஊரையும் எழுத ஆரம்பித்தேன். டேலியா மெக்சிகோ. ஜெரேனியமும் அகபாந்தஸும் தென்னாப்பிரிக்கா. பியூஷியா தென் அமெரிக்கா. ஹைட்ரேஞ்சியா ஜப்பான். ஸ்வீட் பீ இத்தாலியின் சிசிலித் தீவு. இங்கிலாந்துத் தோட்டம் என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி அந்த நாட்டுக்கே விருந்தாளியாகப் போனதுதான். அந்தப் பட்டியலைப் பார்த்ததும் மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. டெல்பினியம் வராததற்காக இனி நான் ஏங்க வேண்டியதில்லை.

லைன் வீட்டுக்குக் கடைசியாகத்தான் போனேன். எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா கோத்தகிரி ரோட்டில் ஒரு எஸ்டேட் லைனில் இருக்கிறார். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பம். சின்னப் பிள்ளையாகக் கப்பலேறி வந்தவர். அவர் வாசல் என் வாசலில் பாதிகூட இல்லை. கதவுக்கு நேரே ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் மேரக்காய் (சௌசௌ) பந்தல், அதன் காலடியில் முட்டைக்கோஸ், கோஸுக்கு நடுவே ஆளுயரத்துக்கு டேலியா. மறுபக்கம் கொத்தமல்லி, புதினா, வெள்ளை டெய்சி, ஒரு எட்வர்ட் ரோஸ். சுவரோரம் முழுக்க எண்ணெய் டின்னிலும் ஓட்டை வாளியிலும் ஜெரேனியம், பிகோனியா. ஒரு சாண் மண்கூட வெறுமையாக இல்லை.

நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். இங்கிலாந்துக் கிராமங்களில் பண்ணைக் கூலிகளின் குடிசை வாசலில் இருந்ததும் இதுவேதான். வீட்டுக்கு வேண்டிய கோஸ், அவரை, மருந்துக்கு ஆகும் பச்சிலை, அவற்றுக்கு நடுவில் அண்டை வீட்டில் கேட்டு வாங்கி நட்ட பூச்செடி. காசு கொடுத்து வாங்கியது ஒன்றும் இருக்காது. பின்னால் வசதி உள்ளவர்கள் அந்த அழகைப் பார்த்துத் தங்கள் தோட்டங்களில் அதைச் செய்தார்கள். நான் இருநூறு படத்தில் பார்த்தது அந்தப் பிற்காலத் தோட்டத்தை. அதன் மூல வடிவம் இங்கே ஒரு எஸ்டேட் லைனில் தினம் தண்ணீர் ஊற்றி வளர்க்கப்பட்டுக்கொண்டிருந்தது.

"என்ன தங்கச்சி, அப்பிடிப் பாக்குற? வேணுங்கிறத ஒடிச்சிட்டுப் போ. ஒடிச்சாத்தான் அதுவும் தழையும்," என்றார் அக்கா. அன்று மூன்று டேலியாக் கிழங்கு, ஒரு கை நிறைய ஜெரேனியம் குச்சி, ஒரு புதினாக் கொத்தோடு வந்தேன்.

இனி வேலையைப் பற்றி. இதில் நான் செய்த பெரிய பிழையை விவரமாகச் சொல்ல வேண்டும், இதைப் பார்த்து யாராவது தொடங்கினால் அதைத் தவிர்க்கலாம்.

சிமென்ட் தளத்தை 2022 ஜனவரியிலேயே உடைத்திருந்தேன். இரண்டு ஆள், இரண்டு நாள், கடப்பாறையும் சம்மட்டியும். மூன்று அங்குலக் கனம். உடைத்த சில்லு நிறைய சேர்ந்தது. அதை அள்ளிக் கொண்டுபோகத் தனி வண்டிக் கூலி கேட்டார்கள். வாசல் முன்பக்கம் சரிவாக இருந்ததால், பாத்தியை மேடாக்க அந்தச் சில்லையே அடியில் போட்டு மேலே ஒரு அடி செம்மண் நிரப்பினேன். தண்ணீரும் வடியும், கூலியும் மிச்சம் என்று கணக்கு. நடுவில் இரண்டரை அடி அகலத்தில் பாதை; பழைய வீடு இடித்த இடத்தில் வாங்கிய செங்கல்லை மண்மேல் மணல் பரப்பி அப்படியே அடுக்கினேன்.

ஜூன் மாதம் பெரியவர் வீட்டு ஹைட்ரேஞ்சியாவிலிருந்து ஆறு குச்சி வெட்டி வந்தேன். அது ஆகாய நீலம். குன்னூரில் அந்த நீலத்தைப் பார்க்காதவர் இருக்க மாட்டார். பூக்காத தண்டாகப் பார்த்து, இரண்டு கணு இருக்கும்படி வெட்டி, அடி இலைகளை எடுத்துவிட்டு, மேல் இலையைக் குறுக்கே பாதியாக நறுக்கி, ஈர மணலில் குத்தி நிழலில் வைத்தால் நான்கு வாரத்தில் வேர் விட்டுவிடும். ஆறில் ஐந்து பிழைத்தது. செப்டம்பரில் பாத்தியில் நட்டேன்.

முதல் பிழை நவம்பரிலேயே தெரிந்தது. மழையில் பாதை நடுவில் தொட்டில் மாதிரி இறங்கி, தண்ணீர் தேங்கி, பாசி பிடித்தது. வீட்டுக்காரர் ஒரு நாள் காலை வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது.

அடுத்தது 2023 மே மாதம். ஐந்து ஹைட்ரேஞ்சியாவும் பூத்தன, எல்லாம் இளஞ்சிவப்பு. இலை வேறு மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. ஒரே தாய்ச்செடியின் குச்சி, அங்கே நீலம், இங்கே சிவப்பு. செடி மாறவில்லை என்றால் மண்தான் மாறியிருக்க வேண்டும். இரண்டு இடத்தில் மண் எடுத்துக் குன்னூரில் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியின் வேளாண் அறிவியல் நிலையத்தில் பரிசோதனைக்குக் கொடுத்தேன். சிமென்ட் போடாத பக்கவாட்டு மண்ணின் பி.எச். (7க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) 5.1. பாத்தி மண் 7.4.

காரணம் அந்தச் சில்லு. சிமென்டில் சுண்ணாம்பு இருக்கிறது; மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து மண்ணைக் காரமாக்கிவிட்டது. ஹைட்ரேஞ்சியா நீலமாவதற்கு அலுமினியம் வேண்டும். நம் மலைச் செம்மண்ணில் அது தாராளமாக இருக்கிறது, ஆனால் புளிப்பு மண்ணாக இருந்தால்தான், ஏறக்குறைய 5.5க்குக் கீழே, அது கரைந்து வேருக்குக் கிடைக்கும். மண் காரமானால் பூட்டிக்கொள்ளும். இரும்புச் சத்தும் அதே போல. இலை மஞ்சளானது அதனால்தான். தேயிலைத் தோட்டக்காரர்கள் மண் அளவுக்கு மீறிப் புளித்தால் டோலமைட் என்ற சுண்ணாம்புக் கல் தூளைப் போடுவார்கள். நான் வேண்டாத இடத்தில், தெரியாமல், அதைவிட வலுவாகப் போட்டிருக்கிறேன்.

ஜூலையில் எல்லாவற்றையும் திரும்பத் தோண்டினேன். செடிகளை வேர்மண்ணோடு எடுத்து ஈரச் சாக்கில் கட்டி நிழலில் வைத்துவிட்டு, சில்லு முழுவதையும் கையால் பொறுக்கி எடுத்தோம். பதினோரு நாள். பாத்திக்குப் புதுச் செம்மண், சில்வர் ஓக் இலை மக்கு, தேயிலைத் தூசிக் கழிவு, தொழு உரம். எடுத்த சில்லு பாதைக்குப் போனது. பாதையை 9 அங்குலம் தோண்டி, அடியில் 4 அங்குலம் சில்லு இடித்து, அதன்மேல் ஒரு அங்குலம் மணல், மேலே செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துவாட்டில் அடுக்கினேன். 4 அடிக்கு ஒரு அங்குலம் வாட்டம், தண்ணீர் தெருப்பக்கம் ஓட. இடுக்குகளில் மணல் மட்டும், சாந்து கிடையாது. அதற்குப் பிறகு மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டது, ஒரு கல்கூட இறங்கவில்லை. பாசிக்கு மாதம் ஒரு தடவை கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கிறேன். முதலிலேயே அந்தச் சில்லைப் பாதைக்கு அடியில் போட்டிருந்தால் ஒரு வருடமும் ஒரு மணிக்கட்டும் தப்பியிருக்கும்.

2024 மே மாதம் ஹைட்ரேஞ்சியா கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. 2025இல் நீலம். பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "வந்துட்டாளா," என்று மட்டும் சொன்னார். கவாத்தைப் பற்றியும் அவர் சொன்னதுதான்: போன வருடத் தண்டின் நுனி மொட்டில்தான் அடுத்த பூ இருக்கும். பூ காய்ந்ததும் கீழே பருத்திருக்கும் முதல் மொட்டு ஜோடிக்கு மேல் வெட்டினால் போதும். தேயிலைக் கவாத்து மாதிரி மொட்டையாக வெட்டினால் அந்த வருடம் பூ இல்லை.

நிறம் சேர்ப்பதை ஜெகிலிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவர் ஓவியம் பயின்றவர். பார்வை மங்கிக்கொண்டே வந்ததால் நுணுக்க வேலைகளை விட்டுத் தோட்டத்துக்குள் வந்தவர். சர்ரேயில் அவர் வீட்டுப் பாத்தி 200 அடி நீளம், 14 அடி அகலம். ஒரு முனையில் நீலம், சாம்பல், வெள்ளை என்று மெல்லத் தொடங்கி, நடுவில் சிவப்பும் ஆரஞ்சுமாக எரிந்து, மறுமுனையில் திரும்ப அடங்கும். 16 அடியில் அத்தனையும் வைத்தால் துணிக்கடைக் கட்டுப் போல ஆகிவிடும். அதில் அடங்கும் பகுதியை மட்டும் எடுத்தேன்: நீலம், வெள்ளை, வெளிர்மஞ்சள். இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கள் தெருவில் நான்கு மணிக்கெல்லாம் மேகம் இறங்கிவிடும். மேகத்துக்குள் அடர்சிவப்பு கறுத்து மறைந்துபோகும். வெள்ளையும் வெளிர்நீலமும் மட்டும் விளக்கு வைத்த மாதிரி நிற்கும். அக்கா கொடுத்த டேலியா மூன்றில் ஒன்று ரத்தச் சிவப்பு. அதை எடுத்துப்போட மனம் வரவில்லை. காலை வெயில் படும் கிழக்கு மூலையில் தனியாக வைத்திருக்கிறேன்.

கேட்டுக்கு மேல் வளைய வேண்டிய ரோஜாவுக்கு எங்கெங்கோ விலை விசாரித்தேன். பிறகு பார்த்தால் நம் பூக்கடைகளில் மாலைக்குப் போகும் எட்வர்ட் ரோஸே ரீயூனியன் தீவிலிருந்து வந்த பழைய போர்பன் இனம். அந்தத் தீவுக்கு முன்பு போர்பன் என்றுதான் பெயர். இங்கிலாந்துத் தோட்டங்களில் போற்றி வளர்க்கும் பழைய ரோஜாக்களில் போர்பனும் உண்டு. மணமும் உண்டு. பின்வாசலில் அம்மா வைத்தது ஒன்று இருந்தது. அதன் பதியனை முன்னால் நட்டு, நீளும் கொம்புகளை மேலே போகவிடாமல் வேலியோடு படுக்கையாக வளைத்துக் கட்டினேன். படுத்த கொம்பில் ஒவ்வொரு கணுவும் துளிர்த்துப் பூக்கிறது. வேலி கற்பூர மரக் (யூகலிப்டஸ்) கம்பு. ஸ்வீட் பீ ஏறுவதற்குச் சீகை (வாட்டில்) மரத்தின் மிலாறு. காட்டை அடைத்துக்கொண்டிருக்கும் மரம், எவ்வளவு வெட்டினாலும் நல்லது.

லாவண்டர் வரிசை இருந்த இடத்தில் ரோஸ்மேரி வைத்தேன். மழை தாங்குகிறது, நீலப் பூவும் உண்டு, சமையலுக்கும் ஆகிறது. பாதையோரம் கொத்தமல்லியும் கேரட்டும் அலிசமும் கலந்து விதைக்கிறேன். மே மாதம் பூ வேண்டுமென்றால் ஜனவரியில் விதை மண்ணில் விழுந்துவிட வேண்டும். ஜெரேனியம் குச்சியை வெட்டியவுடன் நடாமல் ஒரு நாள் காயவிட்டு நட்டால் அழுகாது.

சில செடிகளை வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். கோர்ஸ், ஸ்காட்ச் புரூம் இரண்டும் மஞ்சள் மஞ்சளாக அழகுதான். வெள்ளைக்காரர்கள் ஊர் ஞாபகத்துக்குக் கொண்டுவந்தவை, இன்று ஊட்டியைச் சுற்றிப் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கின்றன. செஸ்ட்ரமும் அப்படியே. டிஜிடாலிஸ் பூ எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் செடி முழுக்க இதயத்தைத் தாக்கும் விஷம். பேரன் தவழும் வாசலில் அதற்கு இடமில்லை. சுவர் டெய்சியைக்கூட வாசல் படி இடுக்கில் மட்டும் விட்டு, விதை பறப்பதற்கு முன் கத்தரித்துவிடுகிறேன்.

காட்டெருமை இரண்டு தடவை வந்துவிட்டது. வேலியை ஒன்றும் செய்யவில்லை, அப்படியே தாண்டியிருக்கிறது. முதல் தடவை கோஸ் முழுவதும் போனது. இரண்டாம் தடவை ஸ்வீட் பீ பந்தல் சாய்ந்து, ஒரு ஹைட்ரேஞ்சியா குளம்படியில் நசுங்கியது. இப்போது கோஸைப் பின்வாசலுக்கு மாற்றிவிட்டேன். நசுங்கிய செடியை அடியோடு வெட்டிவிட்டதில் நான்கு புதுத் தண்டு வந்திருக்கிறது. ரோஸ்மேரியை இதுவரை தொடவில்லை.

சிமென்ட் விரிசலில் இருந்த அந்த ஜெரேனியம் இன்னும் இருக்கிறது. தளத்தை உடைத்தபோது அதன் குச்சிகளை ஒடித்து வைத்துக்கொண்டேன், இப்போது படியோரம் ஒன்பது தொட்டி. போன வாரம் எதிர்வீட்டுப் பெண் குழந்தை வேலிக்கு வெளியே நின்று பியூஷியாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டு இரண்டு பூவைப் பறித்துக் காதில் மாட்டிவிட்டு, ஒரு குச்சியும் கொடுத்தேன். தயிர் டப்பாவில் நட்டிருப்பதாகச் சொன்னாள். அடியில் ஓட்டை போட்டாளா என்று நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.